டயட் ஷீட்டுக்கு இரண்டாம் பக்கம் வேண்டும்: குடல்நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடல்நோய் மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மாவு மில் நடத்துகிறேன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்த வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, மில் என் கைக்கு வந்தது. ராகி, கம்பு, சோளம், கோதுமை என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை தானியத்தோடுதான் என் பிழைப்பு. என் தம்பிக்குப் பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது உள்சுவர் அழன்று புண்ணாகும் நோய். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை எழுத வைக்கின்றன.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. குடல் அழற்சி வந்தவருக்கு நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு டயட் ஷீட் கொடுக்கிறீர்கள். அதற்கு இரண்டாம் பக்கம் ஒன்று வேண்டும். புண் ஆறிய பிறகு முழுத் தானியத்துக்கு எப்போது, எப்படித் திரும்புவது என்று சொல்லும் பக்கம்.

2019இல் தம்பி ஓசூரில் ஒரு பட்டறையில் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கழிப்பறைக்கு ஓட்டம், மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் யாரோ சொன்ன லேகியத்தைச் சாப்பிட்டான். பன்னிரண்டு கிலோ இறங்கிய பிறகுதான் வீட்டுக்கே வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவனை அம்மாவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் கொலோனோஸ்கோபி பார்த்தார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், அப்புறம் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரை. அவனைப் பிழைக்க வைத்தவர் அந்த மருத்துவர். இதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். சாப்பிடலாம்: வெள்ளை அரிசிச் சாதம், இட்லி, ரவை, பிரெட், ரஸ்க், மோர். சாப்பிடக் கூடாது: ராகி, கம்பு, சோளம், முழுக் கோதுமை, கைக்குத்தல் அரிசி, கீரை, தோலுள்ள பருப்பு, கொட்டை வகைகள்.

அன்றைக்கு அது சரியான தாள்தான். குடலின் உள்சுவர் முழுக்கப் புண்ணாகி ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சக்கையும் திப்பியுமாக உள்ளே போனால் வலியும் ஓட்டமும் கூடும். அந்த நேரத்தில் குடலுக்கு ஓய்வு வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தாளில் எத்தனை நாளைக்கு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படிச் சுவரில் மாட்டினார். நான்கரை வருடம் அது அங்கேயே தொங்கியது. தாளிப்புப் புகை படிந்து எழுத்து மங்கியபோது, 'சாப்பிடக் கூடாது' என்ற வரியை மட்டும் அம்மா பேனாவால் மேலேயே எழுதித் தெளிவாக்கி வைத்தார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்குப் போவோம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ரத்தம் போகிறதா, எத்தனை முறை போகிறாய், இவ்வளவுதான் கேள்வி. வெளியே எண்பது பேர் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதற்கு மேல் கேட்க அவருக்கும் நேரம் இல்லை, எங்களுக்கும் துணிச்சல் இல்லை. நோய் தணிந்து இரண்டாவது வருடமே ரிப்போர்ட் எல்லாம் நன்றாக வந்தது. தாளை மட்டும் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். ராகி மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் வேகவிட்டு அதில் ஊற்றிக் கிண்டி, ஆறவிட்டு, மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைப்பது. மாவு எங்கள் மில்லில் அரைத்ததுதான். அந்தத் தாள் தொங்கிய வருடங்களில் ஆடிக் கூழுக்குத் தம்பிதான் அண்டா பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சொம்பு சொம்பாக ஊற்றினான். அவன் ஒரு வாய் குடிக்கவில்லை. ஊற்றி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ரஸ்க்கைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டான்.

2023இல் அரசு எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. ஊரே திரும்ப ராகிக்கு வந்துகொண்டிருந்தது. என் மில்லில் வரிசை நீண்டது. வீட்டில் நாங்கள் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுவோம், அவன் திண்ணையில் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தயிர் சாதம் சாப்பிடுவான். ஒரு நாள் கேட்டான்: "அக்கா, புண்ணு ஆறிடுச்சுன்னு சொல்றாங்க. அப்ப ஏன் எனக்கு இன்னும் நோயாளி சாப்பாடு?" என்னிடம் பதில் இல்லை. அன்றிரவுதான் படிக்கத் தொடங்கினேன். கல்லூரியில் கற்றது கொஞ்சம் கை கொடுத்தது, புரியாத இடங்களை ஊரில் விடுமுறைக்கு வந்த ஒரு மருத்துவ மாணவியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தானிய மணியில் மூன்று பகுதி இருக்கிறது. வெளியே தவிடு, உள்ளே மாவு, ஒரு ஓரத்தில் முளை. தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன. எங்கள் தொழிலில் அந்தத் தவிட்டை மாட்டுத் தீவனக்காரர் மூட்டை கணக்கில் வாங்கிப் போவார். மாட்டுக்குப் போவது எது, மனிதனுக்கு மிஞ்சுவது எது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பார்த்தால் விளங்கும். 100 கிராம் ராகியில் நார்ச்சத்து ஏறக்குறைய 11 கிராம். முழுக் கோதுமை மாவிலும் அதே அளவுதான். தீட்டிய பச்சரிசியிலும் மைதாவிலும் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. தம்பி ஒரு நாளைக்கு 300 கிராம் வெள்ளை அரிசி சாப்பிட்டாலும் 9 கிராமைத் தொடவில்லை. காய்கூட அவனுக்குத் தோல் சீவி, குழைய வேகவைத்து, வடிகட்டித்தான்.

இந்த நார் நம் சிறுகுடலில் செரிப்பதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. இதில் பியூட்டிரேட்தான் நம் கதைக்கு முக்கியம். பெருங்குடலின் உள்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. உடம்பின் மற்ற செல்கள் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் சத்தை நம்பியிருக்க, இவை முக்கியமாகப் பாக்டீரியா சமைத்துத் தருவதை நம்பியிருக்கின்றன. அதோடு, அழற்சியை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல்கள் பெருகுவதற்கும் இந்த அமிலங்கள் உதவுகின்றன என்று 2013இல் அமெரிக்கா, ஜப்பான் ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின. பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி, குரோன்ஸ் என்ற இன்னொரு வகைக் குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடலில் குறைந்து போயிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008லேயே கண்டார்கள்.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் லக்சம்பர்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. மனிதக் குடலில் வாழும் 14 வகைப் பாக்டீரியாக்களை மட்டும் எலிகளின் குடலில் குடியேற்றினார்கள். சில எலிகளுக்கு நார் உள்ள தீனி, சிலவற்றுக்கு நாரே இல்லாத தீனி. நார் கிடைக்காத எலிகளில் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கவில்லை. குடல் சுவரைப் பாதுகாக்கும் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பித்துவிட்டன. படலம் மெலிந்தது. அதன் பிறகு ஒரு நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அந்த எலிகளுக்குக் கடும் குடல் அழற்சி வந்தது.

படித்தவுடன் எனக்கு எங்கள் மாட்டுக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. கோடையில் தீவனம் தட்டுப்பட்டால் மாடு சும்மா நிற்காது. கழுத்தை நீட்டிக் கூரையில் வேய்ந்ததை இழுத்துத் தின்னும். ஐப்பசியில் மழை வரும்போதுதான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். நான்கரை வருடம் தம்பியின் வயிற்றுக்குள் அந்த மாடுகளை நாங்கள் கட்டிப்போட்டு வைத்திருந்தோமோ என்ற எண்ணம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

எலி வேறு, மனிதன் வேறு. அதனால் மனிதர்களில் செய்ததையும் தேடிப் படித்தேன். 2019இல் டென்மார்க்கில் 60 பேருக்கு எட்டு வாரம் முழுத் தானியம், எட்டு வாரம் தீட்டிய தானியம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் தானியம் சாப்பிட்டபோது எடை கொஞ்சம் இறங்கியது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஐஎல்-6, சிஆர்பி இரண்டும் குறைந்தன. ஆனால் குடல் பாக்டீரியாக்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2017இல் 81 பேரிடம் ஆறு வாரம் செய்ததில் நிலவரம் வேறு. அமிலம் தயாரிக்கும் நல்ல பாக்டீரியா கொஞ்சம் கூடியது, அழற்சியோடு தொடர்புள்ள வகை குறைந்தது. ஆனால் குடல் அழற்சியைக் காட்டும் அளவுகள் அசையவில்லை. இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் குடல்நோய் இல்லாதவர்கள். ஆறு வாரத்தில் ராகி அதிசயம் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ராகி மருந்து இல்லை. என் தம்பி இன்றைக்கும் மெசலமின் சாப்பிடுகிறான், நாளைக்கும் சாப்பிடுவான்.

ஆனால் நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளும் இருக்கின்றன. 2016இல் அமெரிக்காவில் நோய் தணிந்திருந்த 1,600க்கும் மேற்பட்டவர்களை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். குரோன்ஸ் நோயாளிகளில், நார் மிகுந்த உணவைத் தவிர்க்காதவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு, தவிர்த்தவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. என் தம்பிக்கு இருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நாரைச் சாப்பிட்டதால் அவர்களுக்கு நோய் கூடியதாகவும் தெரியவில்லை. ஸ்பெயினில் 1999இல் நோய் தணிந்திருந்த 105 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம், நம் ஊரில் இசப்கோல் என்று விற்கிறோமே, அந்தச் செடியின் விதையையும் மெசலமினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் நோய் திரும்பியவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாத்திரையை நிறுத்து என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நாரைத் தொட்டாலே புண் திரும்பும் என்று எங்கள் வீட்டில் குடியிருந்த பயம்தான் இதோடு பொருந்தவில்லை.

பயம் என்று சொன்னேன். மருத்துவர்களாகிய உங்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒரு தாள் 'கூடாது' என்று சொன்னால், நோய்ப்பட்டவன் அதோடு நிறுத்த மாட்டான். வயிறு லேசாக உப்பினால் நேற்றுச் சாப்பிட்ட பீன்ஸைப் பட்டியலில் சேர்ப்பான். அடுத்த வாரம் கேரட். அதற்கடுத்த வாரம் துவரம் பருப்பு. 2022இல் இவ்வளவு ஒதுக்கியும் அவனுக்கு நோய் ஒருமுறை லேசாகக் கிளம்பியது. அப்போதும் நாங்கள் தேடியது இன்னும் எதை நிறுத்தலாம் என்றுதான். கல்யாண வீட்டில் இலை போட்டால் அவன் எழுந்து போய்விடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த கம்பு அடையை ஓரமாக ஒதுக்கி வைத்ததை அவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

2024இல் வேறொரு ஊரில் ஓர் உணவியல் நிபுணரைப் பார்த்தோம். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போயிருந்த தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதை யாருமே நிறுத்தச் சொல்லலையா?" மருத்துவரிடம் பேசி, மலத்தில் கால்புரொடெக்டின் அளவு பார்க்கச் சொன்னார், குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் அது. நோய் கிளம்பிய காலத்தில் அறுநூறைத் தாண்டியிருந்த எண் இப்போது நூறுக்குக் கீழே. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இல்லை என்பதையும் ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டார். குடலில் எங்கும் சுருக்கம், அதாவது வழி குறுகிப்போன இடம், இல்லை என்று பழைய கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் சரிபார்த்தார். அப்புறம்தான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

முதல் வாரம், ராகி மாவு இரண்டு டீஸ்பூன், தண்ணீராகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, காலையில் மட்டும் அரை டம்ளர். இரண்டாம் வாரம் வடிகட்டாமல். மூன்றாம் வாரம் ஒரு டம்ளர். வேறு எந்தப் புதுப் பொருளும் அதோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால், ஒத்துக்கொள்ளாதபோது எது என்று தெரியாது. ஒரு நோட்டில் தினமும் எத்தனை முறை, வலி உண்டா, உப்புசம் உண்டா என்று எழுத வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முதல் பத்து நாள் காற்று பிரியும், லேசாக உப்பும், அது பட்டினி கிடந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்கும் சத்தம், பயப்படாதே. ரத்தமோ காய்ச்சலோ இரவில் எழுப்பும் அளவுக்கு ஓட்டமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் போன் செய். இவ்வளவும் நீல மையில், அந்த மஞ்சள் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

முதல் நாள் நானே மாவு அரைத்தேன். கல்லை இறுக்கி, இரண்டு முறை ஓட்டி, கையில் எடுத்தால் முகப்பவுடர் மாதிரி நைசாக. அம்மா காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். தம்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். நாங்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்குக் கோபம் வந்து, "போங்க உள்ளே" என்றான். குடித்தான். அன்று முழுக்க வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதத்தில் களிக்கு வந்தான். அடுத்து சாமைச் சோறு, பிறகு கம்பு. சோளம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு இழுத்துப் பிடித்தது, விட்டுவிட்டான். அதுவும் நோட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாத் தானியமும் ஒத்துக்கொள்ளாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், கோதுமையிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஃபிரக்டன் வகை நாரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா குறைந்த சில நோயாளிகளுக்கு அந்த நாரே அழற்சியைத் தூண்டுவதைக் கண்டார்கள். குடலில் சுருக்கம் உள்ள குரோன்ஸ் நோயாளிக்குச் சக்கை உணவு அடைப்பையே உண்டாக்கிவிடும். சீலியாக் உள்ளவர் கோதுமையை எந்த வடிவத்திலும் தொடவே கூடாது, அவருக்கு ராகியும் சாமையும்தான் துணை. இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் உங்களிடம் கேட்கிறேன். யூடியூபில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமாக இது இருக்கக் கூடாது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

இன்னொன்று, இது மில்காரியாகச் சொல்வது. 'சிறுதானியம் சாப்பிடுங்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. ராகியில் தோல் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் அதை முழுசாகத்தான் அரைப்போம், சலித்துக் கப்பியை எறியாதவரை நார் அப்படியே இருக்கும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி அப்படி இல்லை. அவற்றுக்கு உமி நீக்கியே ஆக வேண்டும். உமியோடு நிறுத்தாமல் வெள்ளை வெளேரென்று வரும்வரை தீட்டித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், வெள்ளையாக இருந்தால்தான் விற்கிறது, சீக்கிரம் வேகிறது, பூச்சி பிடிப்பதும் குறைவு. அப்படித் தீட்டும்போது நார், புரதம், தாது எல்லாம் குறைவதைச் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐந்து சிறுதானியங்களில் அளந்து காட்டியிருக்கிறது. நல்ல சாமையரிசி மங்கலான பழுப்பில் இருக்கும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகத் தவிடு ஒட்டும். இந்த ஒரு வரியை உங்கள் தாளில் சேர்த்தால் போதும், பையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நம்பி ஏமாற மாட்டார்கள். மல்டிகிரெய்ன் என்று எழுதிய பிரெட்டும் அப்படித்தான். பின்னால் திருப்பினால் முதல் பொருளாக மைதா இருக்கும்.

பிரெட்டும் ரஸ்க்கும் என் தம்பியின் தாளில் அனுமதிக்கப்பட்ட பக்கத்தில் இருந்தன என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 21 நாடுகளில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தது. ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நெருக்கடி நாட்களில் ரஸ்க் பரவாயில்லை. நான்கரை வருடத்துக்கு அது ஒரு மனிதனின் காலைச் சாப்பாடாக இருக்கலாமா?

இதெல்லாம் எங்கிருந்தோ வந்த புதுப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைப் பிடித்த நோய் அது. அங்கேயே அவர் குரங்குகளுக்கு, கடும் வெப்பத்தில் அவித்துச் சத்திழந்த அரிசி உணவைக் கொடுத்துப் பார்த்து, அவற்றின் இரைப்பையும் பெருங்குடலும் அழற்சியால் கெடுவதைப் பதிவு செய்தார். அவர் பேசியது வைட்டமின் குறைபாட்டைப் பற்றி, நாரைப் பற்றிய பேச்சு பிற்பாடு வந்தது. ஆனால் தட்டில் இருக்கும் தானியத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் நூறு வருடம் முன்பே நீலகிரியில் எழுந்துவிட்டது. அந்தச் சிறிய ஆய்வகம்தான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போனது, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. நாம் சாப்பிடும் தானியத்தில் பாதியாவது முழுத் தானியமாக இருக்க வேண்டும் என்று அதன் 2024 வழிகாட்டி சொல்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ந்தது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமும் அதே 2024இல், தடை ஏதும் இல்லாத எல்லாக் குடல் அழற்சி நோயாளிகளுக்கும் காய், பழம் நிறைந்த, மிகையாகப் பதப்படுத்தியது குறைந்த உணவைத்தான் பரிந்துரைத்தது. சுருக்கம் உள்ளவர்களுக்குக்கூட ஒரேயடியாக மறுக்கவில்லை, மெல்லிதாக வேகவைத்து, நன்றாக மென்று சாப்பிடச் சொன்னது. அறிவு எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அது அந்த மஞ்சள் தாளுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். தாளின் முதல் பக்கத்தில் மேலே ஒரு கட்டம் போடுங்கள்: 'இந்த உணவு முறை இந்தத் தேதி வரை.' தேதி தெரியாவிட்டால் 'அடுத்த பரிசோதனை வரை' என்றாவது எழுதுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: இப்போது என்ன சாப்பிடுகிறாய்? அளவுகள் தணிந்து, சுருக்கமும் சீலியாக்கும் இல்லை என்று தெரிந்தவுடன் தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் நோயாளியின் ஊர்த் தானியத்தை எழுதுங்கள். தருமபுரிக்காரனுக்கு ராகி, விருதுநகர்க்காரனுக்குக் கம்பு, தஞ்சாவூர்க்காரனுக்குக் கைக்குத்தல் அரிசிக் கஞ்சி. ஓட்ஸும் கினோவாவும் எழுதினால் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கட்டுப்படியாகாது. எவ்வளவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எதைக் கண்டால் நிறுத்துவது, யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு மருத்துவமனைக்கு ஓர் உணவியல் நிபுணர் ஒரு நாள் உட்கார்ந்தால் எழுதி முடிக்கிற வேலை இது.

போன ஆடியில் தம்பி வழக்கம்போல அண்டா பக்கத்தில் நின்றான். எல்லாருக்கும் ஊற்றி முடித்த பிறகு தனக்கும் அரைச் சொம்பு ஊற்றிக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் குடித்தான். வெங்காயம் இன்னும் அவனுக்குச் சரிப்படவில்லை.

அந்த இரண்டாம் பக்கத்தைத் தமிழில் அச்சிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அடுப்படி வெளிச்சத்தில் அம்மாக்களால் படிக்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் ஒரு அக்கா,
தருமபுரி மாவட்டம்.